மகனின் ஃப்ளாட்டுக்காக வயலை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வயல் என் பெயரில் இருக்கிறது. குத்தகைப் பணத்தில்தான் என் செலவு ஓடுகிறது. மகனுக்கு பெங்களூரில் வேலை, கையில் 1,10,000 வருகிறது. 28,000 வாடகை. 'வாடகை வீண்' என்று 90 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறான். பெண் வீட்டாரும் சொந்த வீடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாதி வயலை விற்று முன்பணம் கட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, விற்காதீர்கள்.

அந்த விலைக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 72 லட்சம் வரைதான் தரும். மீதி 18 லட்சமும், பத்திரச் செலவு ஆறேழு லட்சமும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 62,500. சம்பளத்தில் பாதிக்கும் மேல்! முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள்: 51,000 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 11,500தான். வாடகை வீண் என்றால் இந்த 51,000 மட்டும் என்ன? வேலையில் ஒரு தடங்கல் வந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறலாம். வங்கித் தவணை அப்படி நிற்காது.

தம்பியை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஃப்ளாட் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, அந்த 62,500 தவணையில் இப்போதைய வாடகை 28,000 போக மீதி 34,500-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போடட்டும். ஒரு வருடம் இழுத்துப் பிடிக்க முடிந்தால் தவணையும் கட்ட முடியும். மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால் இப்போதே தெரிந்தது நல்லதுதான். ஐந்து வருடம் போட்டால் வட்டி இல்லாமலே 20 லட்சம் சேரும். முன்பணத்துக்கு வயலைத் தொட வேண்டியதில்லை. அதற்குள் ஃப்ளாட் விலை ஏறலாம், உண்மைதான். அப்போது 40,000 தவணைக்குள் அடங்குகிற வீடாகப் பார்க்கட்டும். இன்றைய சம்பளத்துக்கு அதுவே அதிகபட்சம். சுமார் 46 லட்சம் கடன் கிடைக்கும்.

பெண் வீட்டார் கேட்டால் கூச்சப்படாமல் வாய்க்கால் பாசன வயல் இருக்கிறது, கடன் இல்லை என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதன் அருமை தெரியாதவர்கள் இல்லை.

மகன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தக் குத்தகைப் பணம்தான் உங்கள் பென்ஷன். பாதி வயல் போனால் அதிலும் பாதி போய்விடும்.

அப்படியும் என்றாவது விற்க நேர்ந்தால், அட்வான்ஸ் வாங்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். கோபி நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ.க்குள் வயல் இருந்தால், விற்ற லாபத்துக்கு வருமான வரி வரும்.