சுவரை விட மறுக்கும் கால்கள்

கேள்வி: எனக்கு வயது 41. நான்கு மாதமாக ஹேண்ட்ஸ்டாண்ட் (கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது) பழகுகிறேன். சுவரில் முதுகுப் பக்கம் கால் சாய்த்து ஒரு நிமிடம் நிற்பேன். காலை எடுத்தால் இரண்டு விநாடிகூடத் தாங்குவதில்லை. தோள் வலுவுக்காகத் தண்டாலைக் கூட்டினேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். ஒரு தண்டால்கூட எடுக்காத என் ஏழு வயது மகளோ, கையாலேயே அறை முழுக்க நடக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டதா?

பதில்: சுவரோடு ஒரு நிமிடம் நிற்பவருக்குத் தோள் வலு போதும். தண்டாலை விடுங்கள். உங்களுக்கு விழத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காலில் நிற்கும்போது கணுக்கால் ஓயாமல் முன்னும் பின்னும் திருத்திக்கொண்டே இருக்கும். தலைகீழானால் அந்த வேலை மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் வந்துவிடுகிறது. உடல் விரல் பக்கம் சாய்ந்தால், விரல் நுனியால் தரையைக் கவ்வி நிறுத்திவிடலாம். உள்ளங்கையின் அடிப்பக்கம் சாய்ந்தால் நிறுத்துவது கடினம். கால் கீழே வந்துவிடும். ஆக, எடை எப்போதும் கொஞ்சம் விரல் வேர்களின் (விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடம்) மேல் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கம்தான் முதுகடித்து விழும் பக்கம்! பயத்தில் உடல் அங்கே போகவே மறுக்கிறது. உங்கள் மகளுக்கு அந்தப் பயம் இல்லை.

(இன்னொன்று: ஆரம்பத்தில் கையால் நடப்பது, அசையாமல் நிற்பதைவிடச் சுலபம். சாயும் பக்கமே கையை எடுத்து வைத்துவிடலாமே. ஜோஹான் ஹர்லிங்கர் என்ற ஆஸ்திரியர் 1900-இல் வியன்னாவிலிருந்து பாரிஸ் வரை, சுமார் 1,400 கி.மீ., கையாலேயே நடந்தார். நாளுக்குப் பத்து மணி நேரம், 55 நாள்.)

முதலில் விழப் பழகுங்கள். மேலே போனபின் ஒரு கையை ஓரடி முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பி, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் இறக்குங்கள். மெத்தை விரித்து, பாதி உயரத்திலிருந்து தொடங்கலாம். யோசிக்காமல் வரும்வரை இதையே செய்யுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து, சுவருக்கு முதுகு காட்டுவதை நிறுத்துங்கள். அதில் இடுப்பு வில்லாக வளைந்து, எடையைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. வயிறு சுவரைப் பார்க்கும்படி கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். கால் நுனி மட்டும் தொடட்டும். எடையை மெல்ல விரல் வேர்களுக்கு நகர்த்தினால் கால் தானாகவே சுவரை விட்டு விலகும். அந்தக் கணத்தில் விரல்கள் கவ்வ வேண்டும். பார்வை கட்டைவிரல்களுக்கு நடுவே நிற்கட்டும். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், பார்வை எவ்வளவு தாங்குகிறது என்று புரியும்.

மணிக்கட்டு வலிக்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். தசை சீக்கிரம் வலுவாகிவிடும், தசையை எலும்போடு கட்டும் நாண்களும், எலும்புகளைப் பிணைக்கும் இணைப்பு நார்களும் பின்தங்கியே வரும். வலி தணியும்வரை கையில் நிற்பதை நிறுத்துங்கள். பிறகு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். விடுமுறை நாளில் மொத்தமாக ஒரு மணி நேரம் வேண்டாம். வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி ஆகாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.