கருந்துளைக்கு முன் ஒரு சாய்தளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூரில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. கருந்துளை பற்றிய வீடியோக்களைப் பார்த்துத்தான் இந்தப் பாடத்தில் சேர்ந்தேன். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைச் சொந்தமாகப் படிக்க ஆசை. சீனியர் அண்ணன் ஒருவர் நாற்பது புத்தகங்களை பி.டி.எஃப். ஆக அனுப்பினார். மைஸ்னர், தார்ன், வீலர் எழுதிய பொதுச் சார்பியல் நூலைத் திறந்தேன், பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. ரஷ்ய இயற்பியலாளர் லாண்டாவின் புத்தகங்களிலிருந்து ஆரம்பி என்கிறார் அண்ணன். செமஸ்டருக்கு உள்ளதைப் படித்தால் போதும் என்கிறார் எங்கள் சார். எதில் தொடங்குவது? ஆங்கிலம் வேறு தடுமாறுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த நாற்பதில் முப்பத்தெட்டை போனிலிருந்து அழித்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பது புத்தகம் கையில் இருந்தால் ஒன்று கடினமான இடத்துக்கு வந்ததும் அடுத்ததைத் திறப்போம். ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயம் மட்டும் நன்றாகத் தெரிந்த ஆளாக மூன்று வருடம் ஓடிவிடும்.

லாண்டாவ் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். முதலாமாண்டில் அவருடைய இயக்கவியல் நூல் கைக்குக் கிடைத்தது. சுமார் 170 பக்கம்தான், மெலிந்த புத்தகம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நியூட்டன் விதியிலிருந்து தொடங்கும் புத்தகம் அல்ல அது. இரண்டாவது பிரிவிலேயே, பொருள் போகும் பாதையை ‘செயல்’ என்ற ஓர் அளவைக் கொண்டு தீர்மானிக்கும் மீச்சிறு செயல் தத்துவத்தை வைத்துவிட்டு, நியூட்டனின் சமன்பாட்டை அதிலிருந்து வரவழைக்கும். எனக்கோ பிரமிப்பு. வரிவரியாக ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். அப்புறம் ஒருநாள் ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுத்தார். வழவழப்பான தரையில் ஒரு சாய்தளக் கட்டை, அதன்மேல் ஒரு சின்னக் கட்டை சறுக்கி இறங்குகிறது. உராய்வு எங்கும் இல்லை, எனவே சாய்தளமும் பின்னால் நகரும். இரண்டின் முடுக்கமும் என்ன? நோட்டு முழுக்க லாண்டாவை வைத்திருந்த எனக்கு அது வரவில்லை.

நான் இப்போது இருக்கும் புதுச்சேரியில் 1825-இல் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை, அதாவது எண்களைச் சொற்களில் ஒளித்துவைத்த வரிகளைக் கொண்டு அந்த வருடம் மே 31, ஜூன் 1-இல் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடுவில் 23, முடிவில் 52. கணக்குக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். நான் அவருக்கு நேர் எதிர். கோட்பாடு பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், ஒரு சோழியை நகர்த்தத் தெரியாது. இரண்டில் அவர் பிழைப்பே மேல், கிரகணமாவது வந்தது.

அதனால் புத்தகம் தேர்வு செய்ய நான் பார்ப்பது ஒன்றுதான். நடுவில் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதன் கடைசியில் உள்ள கணக்குகளில் ஐந்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்தும் சுலபமாக வந்தால் அந்தப் புத்தகம் உங்களுக்குத் தேவையில்லை. ஒன்றுமே வரவில்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு வந்தால் அதுதான் உங்கள் புத்தகம், காசு கொடுத்து வாங்குங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு கிளெப்னர், கோலென்கோவ் எழுதிய இயக்கவியல் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1973-இல் வந்த நூல், முதலாமாண்டு மாணவர்களுக்காகவே எழுதியது, ஆனால் கணக்குகள் கடிக்கும். கடைசியில் சிறப்புச் சார்பியலும் இருக்கிறது. அதோடு கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல். அதன் முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் கணிதம். நம் பிளஸ் டூ கணிதத்தில் தொகையீடு உண்டு, வகைக்கெழுச் சமன்பாடு உண்டு, ஆனால் ஒரு வளைகோட்டின் வழியாகவோ ஒரு பரப்பின் மேலோ கூட்டும் கோட்டுத் தொகையீடும் பரப்புத் தொகையீடும் இல்லை. பலரும் மேற்கொண்டு போக முடியாமல் நிற்பது அந்த இடத்தில்தான், பழியை மட்டும் ஆங்கிலத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். லாண்டாவே தன்னிடம் படிக்க வந்தவர்களுக்கு முதலில் கணிதத் தேர்வுதான் வைத்தார்.

அமெரிக்க இயற்பியலாளர் ஃபெய்ன்மனின் விரிவுரைகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு நடத்தியவை, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அற்புதமானவைதான். ஆனால் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்று தொகுதிகளிலும் அத்தியாயம்தோறும் பயிற்சிக் கணக்கு கிடையாது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மூடியதும் காணாமல் போகும்.

பொதுச் சார்பியலுக்கு ஹார்ட்டில் எழுதிய புத்தகம் இருக்கிறது. ஐன்ஸ்டைன் சமன்பாட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கருந்துளையைச் சுற்றிப் பொருள்களும் ஒளியும் எப்படிப் போகும் என்பதை முதலில் கணக்கிட வைப்பவர். இயக்கவியலும் மின்னியக்கவியலும் கைக்கு வந்தபின் அதை எடுக்கலாம். நீங்கள் திறந்த மைஸ்னர், தார்ன், வீலர் நூல் 1,200 பக்கத்துக்கு மேல் போகும் தலையணை. அதில் பத்துப் பக்கத்தோடு நின்றது குறையே இல்லை, நான் ஐந்தைத் தாண்டவில்லை.

ஆங்கிலம். உந்தம், முடுக்கம், நிலைமம் என்று நீங்கள் தமிழில் படித்தது எதுவும் வீணில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதி வாருங்கள். இயற்பியல் புத்தகத்தின் ஆங்கிலம் நாவலின் ஆங்கிலம் அல்ல, இரண்டு மாதத்தில் பழகிவிடும். சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய என்பிடெல் இணைய வகுப்புகளை வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் சார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அரியர் வைத்துவிட்டுக் கருந்துளை படிக்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் இதற்கு, மற்றது அவருக்கு.

புத்தகத்துக்கு இந்தியப் பதிப்பாகக் கேளுங்கள். புத்தகக் கண்காட்சி எதற்காவது போனால் பழைய ரஷ்யக் கணக்குப் புத்தகம் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். இரோடோவ் என்பவர் எழுதிய இயற்பியல் கணக்குத் தொகுப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, அந்த சாய்தளக் கணக்கைப் போட்டு எனக்கு அனுப்புங்கள். சாய்தளத்தின் நிறையை மிகப் பெரிதாக்கினால் நீங்கள் பள்ளியில் படித்த பழைய விடை வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். எனக்குப் பதினொரு நாள் ஆனது.