குதிரைக் கால் வீக்கம்: ஊசிக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: மெரினாவில் சவாரிக்கு விடும் என் குதிரைக்கு இரண்டு நாளாக இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வீக்கம். லேசாக நொண்டுகிறது. "நரம்பு பிசகல், ஒரு ஊசி போட்டால் சனிக்கிழமை சவாரிக்கு விடலாம்" என்கிறார் தெரிந்தவர். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த இடத்தில் குளம்பை மடக்கும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு, ஓடுகிறது. அதன் இழைகள் சில அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊசி வலியைத்தான் மறைக்கும், இழையை ஒட்டாது. வலி தெரியாமல் குதிரை முழு எடையையும் போட்டால் மிச்சமும் அறும்.

கடற்கரையில் பையோடு திரிபவர்கள் போடுவது பெரும்பாலும் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து. கழுத்து இரத்தக்குழாய்க்குள் போகவேண்டிய மருந்து அது. கொஞ்சம் வெளியே கசிந்தாலும் கழுத்துச் சதை அழுகும். நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஏற்றுவது இன்னும் கேடு. காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதனால் பயனில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு 1983லேயே காட்டிவிட்டது. "இனி இது தேறாது, கொடுத்துவிடு" என்று அடிமாட்டு விலை பேசும் தரகர், அதே ஊசியைப் போட்டு வேறு ஊரில் நல்ல குதிரையாக விற்பார்.

இன்றே காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணை மேலிருந்து கீழே மெல்ல அழுத்திப் பாருங்கள். மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். சூடு, தடிப்பு, அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுப்பது ஆகியவை அடையாளம். நிற்கும்போது கணுமூட்டு (குளம்புக்கு மேலே உள்ள மூட்டு) தரையை நோக்கித் தாழ்ந்தால் காயம் பெரிது.

குழாய்த் தண்ணீரை ஒரு வேளைக்கு 20 நிமிடம், தினம் மூன்று வேளை விடுங்கள். பிறகு தடிமனான பஞ்சு சுற்றி, முழங்காலுக்குக் கீழிருந்து கணு வரை ஒரே இறுக்கமாகக் கட்டுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டவேண்டும். பஞ்சில்லாமல் துணியை இறுக்கினால் கட்டே புதுக் காயம் செய்யும். தைலம் தேய்க்காதீர்கள்.

வீக்கத்தின் மேல் சின்னக் கீறலாவது இருந்தால் மேலே சொன்ன தண்ணீர், கட்டு எதுவும் பொருந்தாது. முள் குத்தியதோ கண்ணாடி கிழித்ததோ, புள்ளியளவு துளை போதும், கிருமி நாண் உறைக்குள் போய்விடும். மயிரை ஒதுக்கி விரலால் தடவித் தேடுங்கள். இருந்தால் தண்ணீர் பீய்ச்சாமல், சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவானாலும் சரி. ஒரு நாள் தாமதம் காலையே பறிக்கும்.

கீறல் இல்லையென்றால், காயம்பட்ட ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். முதல் சில நாளில் சேதம் இன்னும் பரவும், அதனால் முந்தி எடுத்தால் குறைவாகத் தெரியும். குதிரையை ஏற்றிப்போக வண்டி கேட்டால் இந்த மாநகரில் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். சவாரிக்கு இடம் கொடுத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

பிறகு இரண்டு வாரம் லாயத்தில் ஓய்வு. அடுத்து தட்டையான கெட்டித் தரையில் தினம் 10 நிமிட நடை, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி மூன்று மாதத்தில் ஒரு மணி நேரம். மறு ஸ்கேன் பார்த்துத்தான் ஓட்டம். முழு வேலைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும். நொண்டும் குதிரையை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஸ்கேனில் வலது முன்னங்காலையும் பார்க்கச் சொல்லுங்கள். நொண்டாத காலிலும் நாண் கெட்டிருப்பது அபூர்வமல்ல.