காருக்குப் பாலிஷ் போட்டால் பெயிண்ட் தேயுமா?

கொஞ்சம் தேயும். கார் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 40-50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். பாலிஷ் என்பது கீறல் மறையும்வரை அந்தப் பூச்சைத் துளித்துளியாகத் தேய்த்து எடுப்பது. ரைஸ் மில்லில் அரிசிக்குப் பாலிஷ் போடுகிற கதைதான்: பளபளப்பு வரும், மேல்தோல் போகும்.

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடைச் சமயத்தில் சாலையிலேயே நெல் காயும். அந்த உமித்தூளில் சிலிக்கா உண்டு. பானெட்டில் படிந்ததை உலர்ந்த துணியால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், வெயிலில் அத்தனை கோடும் தெரியும்! (பாலிஷ் செலவே பாதி இதனால்தான்.) முதலில் தண்ணீர் அடித்து, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்; அப்புறம்தான் பாலிஷ் மெஷின். கதவு விளிம்பில் பூச்சு இன்னும் மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டாமல் விடாதீர்கள்.

வாக்ஸ் போட்டாலே கீறல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மேலே பூசும் காப்பு, கீறலை மறைக்குமே தவிர எடுக்காது.