கல்லீரல் புற்றுநோயும் மரபணு அறிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் கல்லீரல் கட்டியில் டிபி53 மாற்றம் இருக்கிறதாம். எங்களுக்கும் வருமா? எவ்வளவு காலம் இருப்பார் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: டிபி53 என்பது செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் ஒரு மரபணு. கட்டியில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் வாழ்நாளில் அந்தச் செல்களுக்குள் ஏற்பட்டது, பிள்ளைகளுக்குப் போகாது. அரிதாகப் பிறவியிலேயே இருப்பதுண்டு. குடும்பத்தில் பலருக்கு இளவயதில் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டிபி53 மாறிய கட்டிகள் பொதுவாக வேகமாக வளர்பவை, ரத்தக்குழாய்க்குள் புகும் சுபாவம் கொண்டவை. ஆனால் இது பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் அப்பாவுக்கு எத்தனை கட்டிகள், என்ன அளவு, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் போயிருக்கிறதா, மீதிக் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது, அவர் எழுந்து நடமாடுகிறாரா என்பவைதான் இன்றும் அதிகம் சொல்கின்றன. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல உலகெங்கும் பயன்படும் பார்சிலோனா நிலைப் பிரிப்பில் ஒரு மரபணுகூட இல்லை. அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு டெர்ட் மாற்றம் என்று வந்திருக்கிறது. மோசமா?

பதில்: டெர்ட் என்பது செல்கள் தொடர்ந்து பிரிய உதவும் ஒரு மரபணு. கல்லீரல் செல்களிலேயே தொடங்கும் ஹெபடோசெல்லுலர் வகைப் புற்றில் சுமார் 60 சதவீதம் பேருக்கு இந்த மாற்றம் உண்டு. சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில், முடிச்சுகள் முழுப் புற்றாக மாறும் முன்பே சிலவற்றில் தோன்றிவிடுகிறது. பாதிக்கு மேற்பட்டோரிடம் இருப்பதால் யாருக்கு நோய் மோசமாகும் என்று பிரித்துச் சொல்ல இது பெரிதாக உதவாது.

கேள்வி: பீட்டா கேட்டனின் மாற்றம் நல்லது என்கிறார்களே?

பதில்: ஓரளவு உண்மை. பீட்டா கேட்டனின் செல் வளர்ச்சிக்குச் சைகை தரும் ஒரு புரதம்; அதற்கான மரபணுவில் ஏற்படும் மாற்றம் இது. இந்தக் கட்டிகளின் செல்கள் பெரும்பாலும் இயல்பான கல்லீரல் செல்களின் சாயலை இழக்காதவை. டிபி53 மாற்றமும் கூடவே இருப்பது குறைவு. ஆனால் நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றுக்குள் அதிகம் நுழைவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி சிகிச்சையின் பலன் குறையுமோ என்ற சந்தேகம் அதனால் வந்தது. ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இதை மட்டும் காட்டி அந்தச் சிகிச்சையை மறுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

கேள்வி: அறுவை முடிந்தது. திரும்ப வருமா என்று மரபணு சொல்லுமா?

பதில்: 5 ஆண்டுகளுக்குள் 70 சதவீதம் பேர் வரை நோய் திரும்பக்கூடும். முதல் 2 ஆண்டுகளில் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து சிதறிய செல்கள். அப்புறம் வருவது பெரும்பாலும் கெட்டுப்போன கல்லீரலில் புதிதாக முளைத்த கட்டி. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒத்துப்போனது கட்டியின் மரபணுக்கள் அல்ல. கட்டியைச் சுற்றியிருந்த கல்லீரலில் 186 மரபணுக்கள் இயங்கிய விதம்தான். அந்தச் சோதனை அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை என்றாலும் அது காட்டிய வழி முக்கியம்: மீதிக் கல்லீரலைக் காக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தால் மருந்தை விடாதீர்கள், மதுவை அடியோடு நிறுத்துங்கள், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு பயாப்ஸியே எடுக்கவில்லை. மரபணுச் சோதனை கேட்கலாமா?

பதில்: சிரோசிஸ் இருப்பவருக்கு ஸ்கேனில் தெளிவான அடையாளங்கள் தெரிந்தால் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவையில்லை, அது அலட்சியம் அல்ல. ஹெபடோசெல்லுலர் வகையில் மரபணு மாற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான மருந்து இன்னும் இல்லை. ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோ, கல்லீரலுக்குள் பித்தநாளப் புற்று என்றாலோ கதை வேறு. அங்கே எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 ஆகிய மரபணுக்களின் மாற்றங்களுக்கு மருந்துகளே இருக்கின்றன. அந்த நோய் முற்றியிருந்தால் மரபணுச் சோதனையை அவசியம் கேளுங்கள்.