ஜெர்மன் ஹவுஸ்க்ரைஸில் லூக்கா 2 நடத்த வேண்டுமா?

தம்பி, நீங்கள் ஜெர்மனியின் ஹாலெ நகருக்குப் படிக்க வந்து 3 மாதம். உங்கள் ஜெர்மன் மொழி பி1 அளவில், அதாவது நடுத்தரமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் வாரங்களில் ஒரு மாலை, இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா 2-ஐ நடத்தச் சொல்லி ஹவுஸ்க்ரைஸில், அதாவது வீட்டில் கூடும் வேதபாடக் குழுவில், கேட்டிருக்கிறார்கள். ஊரில் வாலிபர் கூட்டத்தில் செய்தி கொடுத்த அனுபவம் போதுமா என்கிறீர்கள். அந்த அனுபவத்தைத்தான் முதலில் ஓரமாக வைக்கச் சொல்வேன். இங்கே நடத்துவது என்றால் பிரசங்கம் அல்ல. வந்திருக்கிற 8 பேரும் பேச வழிவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொள்வது. நீங்கள் பேசுவது மொத்தம் 10 நிமிடத்தைத் தாண்டினால் அதிகம். பி1 போதும்.

வசன எண்ணில்தான் முதலில் இடறும். 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' நமக்கு ஏசாயா 9:6. அவர்களுடைய ஜெர்மன் லூத்தர் வேதாகமத்தில் 9,5. பெத்லகேமைப் பற்றிய மீகா 5:2 அங்கே 5,1. ஜெர்மன் பதிப்பு எபிரெய எண்ணைப் பின்பற்றுவதால் வரும் வித்தியாசம் இது. சங்கீதங்களிலும் தலைப்பை வசனமாக எண்ணுவதால் ஒன்றிரண்டு தள்ளிப் போகும். எழுதும் முறையும் வேறு: அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கமா, விட்டு விட்டு வரும் வசனங்களுக்கு நடுவே புள்ளி. 'லூக்கா 2,7.12' என்றால் 7-ஆம் வசனமும் 12-ஆம் வசனமும் மட்டும். பெயர்களும் அப்படியே. நம் 'சிரேனியு' அவர்களுக்கு குவிரீனியுஸ், 'அகுஸ்துராயன்' கைசர் அவுகுஸ்டுஸ். முந்தின நாளே ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1 முதல் 20 வரை எடுத்தால் போதும். மத்தேயு 2-ஐ அதே மாலையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மேய்ப்பரும் சாஸ்திரிகளும் ஒரே தொழுவத்தில் வந்து நிற்பார்கள், பேச்சு கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றியதாகிவிடும். மத்தேயுவில் சாஸ்திரிகள் வருவது வீட்டுக்கு. எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. மாடும் கழுதையும் இரண்டு சுவிசேஷத்திலும் இல்லை, ஏசாயா 1:3-இலிருந்து வந்து சேர்ந்தவை.

பகுதியை 14 புள்ளி எழுத்தில், அகலமான ஓரம் விட்டு, இடைத்தலைப்புகளை நீக்கி அச்சிடுங்கள். தலைப்பு இருந்தால் வாசிக்கும் முன்பே அர்த்தம் சொல்லிவிடும். ஆளுக்கு ஒரு பென்சில். சுற்றி ஆளுக்கொரு வசனம் வாசித்தபின் 7 நிமிடம் மௌனம். புரியாத இடத்தில் கேள்விக்குறி, புதிதாய்ப் பட்டதில் ஆச்சரியக்குறி, தன்னைத் தொட்ட வரியில் அம்புக்குறி. வெஸ்டெரோஸ் முறை என்பார்கள், பலருக்கும் பழக்கம். கேள்விக்குறிகளிலிருந்து தொடங்குங்கள், அம்புக்குறி கடைசியில். மாற்றிச் செய்தால் இரண்டாவது நிமிடமே ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பிப்பார், பகுதி கையைவிட்டுப் போய்விடும். நடுவில் 20 விநாடி யாரும் பேசாவிட்டால் பதறி நீங்களே பதில் சொல்ல வேண்டாம். யோசிக்கிறார்கள்.

இரண்டாம் வசனத்தில் யாராவது நிச்சயம் கை வைப்பார்கள்: இயேசு பிறந்தபோது ஆண்ட ஏரோது கி.மு. 4-இல் இறந்தான், குவிரீனியுஸ் யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6-இல், எப்படிப் பொருந்தும் என்று. இதை அவிசுவாசம் என்று நினைத்து வரிந்துகட்ட வேண்டாம். பள்ளியிலேயே சமயப் பாடத்தில் இப்படிக் கேட்டுப் பழகியவர்கள். 'இந்த இடத்தில் லூக்கா ராயனின் பெயரை ஏன் முதலில் வைக்கிறார்?' என்று திருப்பிக் கேளுங்கள், பேச்சு பகுதிக்குள் வந்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் சரக்கு 7-ஆம் வசனம். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'சத்திரத்திலே', லூத்தரில் 'ஹெர்பெர்கெ'. நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோன இடமும் (10:34) இரண்டிலும் அதே சொல்தான். கிரேக்கத்தில் அப்படியில்லை. சமாரியன் கதையில் வருவது காசுக்குத் தங்கும் விடுதி. பிறப்பில் வருவது 'கட்டாலுமா'; இயேசு பஸ்கா புசிக்கக் கேட்ட அறைக்கும் (22:11) அதே சொல். ஆகவே, உறவினர் வீட்டின் விருந்தினர் அறை நிரம்பியிருந்தது, மாடு கட்டும் பகுதியில் பிள்ளையைக் கிடத்தினார்கள் என்று பல வேத அறிஞர்கள் வாசிக்கிறார்கள். கதவைச் சாத்திய சத்திரக்காரனை வசனத்தில் தேடச் சொல்லுங்கள். கிடைக்கமாட்டான், ஆனால் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நாடகங்களில் பெரும்பாலும் வருவான், அரை மணி நேரம் அதிலேயே போகும். நம் 'முன்னணை' அங்கே 'கிரிப்பெ'. குழந்தைக் காப்பகத்துக்கும் அதே பெயர்தான், டிராமில் போகும்போது பலகையில் பார்த்திருப்பீர்கள்.

அந்த வசனத்தைத் தமிழிலும் ஒருமுறை வாசியுங்கள், ஹாலெயில் அதற்கு மதிப்பு உண்டு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அந்த அச்சகத்துக்கு முதலில் போன தமிழ் எழுத்துகள் உங்கள் ஊரில் வார்த்தவை.

ஜெபம் ஒவ்வொருவராக, சுருக்கமாக. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பது இவர்களில் பலருக்கு மிரட்சி தரும். தமிழில் ஜெபிக்கலாம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே பகிர்ந்தது அங்கேயே இருக்கட்டும். 7.30 என்றால் 7.30, 10 மணிக்கு இரவு அமைதி நேரம் தொடங்குவதால் 9.15-க்கு முடியுங்கள். வயதில் மூத்தவர்களையும் 'டூ' (நீ) என்றே அழைக்கலாம், அங்கே அது மரியாதைக் குறைவல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்தான். ஆனால் டிசம்பரில் தரை சில்லிடும், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.