மதுரையிலிருந்து ஜனவரியில் டீசல் காரில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் மணாலி வழி வேண்டாம். அந்த வழியில் உள்ள குன்சும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ வழியாகத்தான் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜா போக வேண்டும். கடும்பனி விழுந்தால் அதுவும் சில நாள் அடைபடும். கையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வையுங்கள்.

முதலில் ரேடியேட்டர். மதுரை வெயிலில் வெறும் தண்ணீரோடு காலம் தள்ளியிருப்பீர்கள். காஜாவில் இரவில் மைனஸ் 20 வரை இறங்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். முழுவதும் வடித்துவிட்டு, தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். மைனஸ் 35 வரை தாங்கும்.

அடுத்த வில்லன் டீசல். சமவெளி டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரிந்து ஃபில்டரை அடைக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி, சில நிமிடத்தில் திணறி நின்றால் அதுதான் காரணம். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றினால் இளகும். டேங்குக்கு அடியில் தீ மூட்டவே கூடாது. கீழே நிரப்பிய டீசலைத் தீர்த்துவிட்டு மலையில் நிரப்புவது நல்லது.

நான்கு வருடப் பேட்டரியை நம்பாதீர்கள். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பனியில் வழுக்காமல் இருக்க டயர் மேல் சுற்றும் சங்கிலியை எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில் மாட்ட வேண்டும், அதுவும் ஏற்றம் தொடங்கும் முன்பே. ஊரிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். விறைத்த விரலால் அங்கே கொக்கி மாட்ட வராது.